மறைக்காமல் சொன்னால் மருந்து காக்கும்

(உலக காசநோய் நாளையொட்டி நடந்த பொதுக்கூட்டத்தில் ரிஃபாம்பிசின் மருந்தைப் பத்திரமாகப் பயன்படுத்துவது பற்றி ஒரு மருந்தாளுநர் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று மார்ச் 24. 1882-ஆம் ஆண்டு இதே நாளில்தான் பெர்லின் நகரில் ராபர்ட் காக் என்ற மருத்துவர் எழுந்து நின்று, காசநோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்துவிட்டதாக உலகுக்கு அறிவித்தார். அந்தக் கிருமியைப் பற்றி ஆண்டுதோறும் பேசுகிறோம். நான் இன்று பேச வந்தது அந்தக் கிருமியைக் கொல்லும் ஒரு மருந்தைப் பற்றி. அதன் பெயர் ரிஃபாம்பிசின். காசநோய்க்காரர்கள் தினமும் விழுங்கும் கூட்டு மாத்திரைக்குள் இருப்பது அது. தொழுநோய்க்கு மாதம் ஒரு முறை கொடுக்கப்படுவதும் அதுதான். அந்த மருந்து உங்களைக் காப்பாற்ற வேண்டுமானால் நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் என் பொருள். ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன்: மறைக்காதீர்கள், சொல்லுங்கள். ஏன் சொல்ல வேண்டும், எதைச் சொல்ல வேண்டும், யாரிடம் சொல்ல வேண்டும்? இந்த மூன்றையும்தான் இன்று விரித்துப் பேசப் போகிறேன்.

முதலில், இந்த மருந்து எங்கிருந்து வந்தது? 1957-இல் பிரான்சின் தென்கடற்கரையில், ஒரு பைன் மரக்காட்டில் அள்ளிய மண் இத்தாலியின் மிலான் நகரத்து ஆய்வுக்கூடத்துக்குப் போனது. அந்த மண்ணில் வாழ்ந்த ஒரு நுண்ணுயிர், மற்றக் கிருமிகளைக் கொல்லும் ஒரு பொருளைச் சுரந்தது. அங்கிருந்த விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் அதைத் திருத்தித் திருத்தி, வாயால் விழுங்கத் தக்க மருந்தாக ஆக்கினார்கள். 1968-இல் அது இத்தாலியில் விற்பனைக்கு வந்தது.

அதற்கு முன் நம் நாட்டில் நிலைமை என்ன? தாம்பரத்தில் 1928-இல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய சானடோரியத்தை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். இன்றும் ரயில் நிலையத்துக்கு அந்தப் பெயர்தான். நல்ல காற்று, நல்ல உணவு, நீண்ட ஓய்வு என்பதுதான் அன்றைய வைத்தியம். பிறகு மருந்துகள் வந்தன. வீட்டில் இருந்தபடியே மாத்திரை சாப்பிட்டால் போதுமா, சானடோரியத்தில்தான் கிடக்க வேண்டுமா என்ற கேள்வி எழுந்தது. அந்தக் கேள்விக்கு உலகத்துக்கே விடை சொன்னது எந்த ஊர்? நம் சென்னை! 1956-இல் இங்கே தொடங்கிய ஆய்வில், வீட்டில் மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்தார்கள். 1959-இல் வெளியான அந்த முடிவு உலகம் முழுவதும் காசநோய் வைத்தியத்தை ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுவந்தது. சேத்துப்பட்டில் இன்றும் இயங்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிலையம் அந்தப் பணியின் தொடர்ச்சிதான்.

ஆனாலும் அன்று மருந்து சாப்பிட வேண்டிய காலம் ஓராண்டு, ஒன்றரை ஆண்டு என்று நீண்டது. ஒன்றரை ஆண்டு தினமும் மாத்திரை! எத்தனை பேரால் முடியும்? அந்தக் காலத்தை ஆறு மாதமாகச் சுருக்க முடிந்ததற்குப் பெரும் காரணம் ரிஃபாம்பிசின். கிருமி தன் உடலுக்கு வேண்டிய புரதங்களைச் செய்துகொள்ள, முதலில் தன் மரபுச் செய்தியைப் படியெடுக்க வேண்டும். படியெடுக்கும் அந்த நொதியைப் பிடித்து நிறுத்திவிடுகிறது இந்த மருந்து. சுறுசுறுப்பாகப் பெருகும் கிருமி மட்டுமல்ல, நுரையீரலின் மூலையில் தூங்கிக் கிடந்து எப்போதாவது விழிக்கும் கிருமியும் அதற்குத் தப்புவதில்லை. தூங்கும் கிருமிகளை விட்டுவைத்தால்தானே நோய் திரும்பி வரும்? அவற்றையும் தீர்ப்பதால்தான் ஆறு மாதம் போதுமானதாகிறது.

இவ்வளவு வலிமையான மருந்தை ஏன் தனியாகக் கொடுப்பதில்லை? ஏன் வேறு மருந்துகளோடு சேர்த்தே கொடுக்கிறார்கள்? ஒரு கணக்குச் சொல்கிறேன், கேளுங்கள். காசநோய்க் கிருமிகளில் சுமார் 10 கோடியில் ஒன்று, ரிஃபாம்பிசினுக்கு அடங்காத தன்மையோடு தானாகவே பிறக்கிறது. பத்துக் கோடியில் ஒன்றுதானே என்று எண்ணாதீர்கள். நுரையீரலில் விழுந்த ஒரே ஒரு குழிக்குள் அத்தனை கோடிக் கிருமிகள் இருக்கின்றன! தனியாக இந்த மருந்தை மட்டும் கொடுத்தால் மற்றதெல்லாம் செத்துப்போகும். அடங்காத அந்த ஒன்று மட்டும் பிழைத்துப் பெருகும். சில மாதங்களில் அந்த நுரையீரல் முழுவதும் அதன் வாரிசுகளே நிறைந்திருக்கும். வேறு மருந்துகள் கூட நின்றால், ஒன்றுக்குத் தப்பியது இன்னொன்றில் மாட்டிக்கொள்ளும். ஆகவே கூட்டு மாத்திரையில் இது வேண்டும், அது வேண்டாம் என்று பொறுக்குவதற்கு இடமே இல்லை.

சரி, மாத்திரை கைக்கு வந்துவிட்டது. எப்படிச் சாப்பிடுவது? எத்தனை மாத்திரை என்பதை உங்கள் எடைதான் தீர்மானிக்கிறது. ரிஃபாம்பிசினின் அளவு ஒரு கிலோ எடைக்குச் சுமார் 10 மில்லிகிராம். பெரியவர்களுக்கான கூட்டு மாத்திரை ஒன்றில் 150 மில்லிகிராம் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கு நான்கு, எனக்கு மட்டும் ஏன் மூன்று என்று கேட்காதீர்கள். அவர் எடை வேறு, உங்கள் எடை வேறு. சாப்பிடத் தொடங்கிய பிறகு உடம்பு தேறி எடை கூடினால் மருத்துவர் எண்ணிக்கையை மாற்றக்கூடும். அதனால் எடை பார்க்க அழைத்தால் தட்டாமல் போங்கள்.

வெறும் வயிற்றில் சாப்பிடுவதுதான் முறை. உணவுக்கு ஒரு மணி நேரம் முன்பு, அல்லது உணவு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து. வயிறு நிறைந்திருந்தால் மருந்து ரத்தத்தில் சேரும் அளவு குறைந்துவிடுகிறது. "வெறும் வயிற்றில் போட்டால் குமட்டுகிறதே, என்ன செய்வேன்?" என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அதற்காக மாத்திரையை விட்டுவிடாதீர்கள், சொல்லுங்கள். குமட்டலுக்கு வழி இருக்கிறது. தேவைப்பட்டால் சிறிது உணவோடு சாப்பிட மருத்துவரே அனுமதிப்பார். நெஞ்செரிச்சலுக்கு ஆன்டாசிட் குடிப்பவர்கள், மாத்திரை போட்டு ஒரு மணி நேரமாவது கழித்துக் குடியுங்கள். மாத்திரைகளை அட்டையிலிருந்து முன்கூட்டியே பிரித்து டப்பாவில் கொட்டி வைக்காதீர்கள். ஈரமும் வெயிலும் பட்டால் மருந்து கெட்டுப்போகும். விழுங்கும் நேரத்தில் அட்டையைப் பிரித்தால் போதும்.

இப்போது, முதல் வாரத்திலேயே பலரைப் பயமுறுத்தும் ஒன்றுக்கு வருகிறேன். மாத்திரை சாப்பிட்ட சில மணி நேரத்தில் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். வியர்வை படிந்து வெள்ளை பனியன் நிறம் மாறும். எச்சில், கண்ணீர் கூட நிறமாகலாம். கான்டாக்ட் லென்ஸ் போட்டவர்களுக்கு லென்ஸில் கறை ஏறிவிடும். ரத்தம் போகிறது, சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று அஞ்சி மாத்திரையை நிறுத்தியவர்கள் எத்தனை பேர்! நண்பர்களே, அது மருந்தின் சொந்த நிறம். அதனால் ஒரு கெடுதலும் இல்லை. மருந்து நின்றால் நிறமும் நின்றுவிடும்.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. மஞ்சள் காமாலை வந்தாலும் சிறுநீர் நிறம் மாறும். இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? கண்ணாடியின் முன் நின்று உங்கள் விழியின் வெள்ளைப் பகுதியைப் பாருங்கள். வழக்கமான அளவில் மருந்தின் நிறம் அங்கே ஏறாது. அங்கே மஞ்சள் தெரிந்தால் ஈரல் பாதிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். ரிஃபாம்பிசினும், அதனோடு சேர்ந்து வரும் ஐசோநயசிட், பைராசினமைடு என்ற மருந்துகளும் சிலருக்கு ஈரலைத் தாக்கும். பசியே எடுக்காமல் போவது, விடாத வாந்தி, வலது விலாவின் கீழ் வலி, காரணம் தெரியாத அசதி, கண்ணில் மஞ்சள்: இவற்றில் ஏதேனும் கண்டால், அடுத்த வேளை மாத்திரையை வாயில் போடும் முன் மருத்துவரிடம் போய் நில்லுங்கள். அன்றே போங்கள். கீழாநெல்லியை அரைத்துக் குடித்துக்கொண்டு, மாத்திரையையும் விழுங்கிக்கொண்டு, நாலு நாள் பார்ப்போம் என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். அந்த நாலு நாள் உயிருக்கே உலை வைக்கலாம். உரிய நேரத்தில் வந்தால் மருந்தைத் தற்காலிகமாக நிறுத்தி, ஈரல் தேறிய பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்கும் முறை மருத்துவர்களுக்குத் தெரியும்.

குடிப்பழக்கம் உள்ளவர்களிடம் கைகூப்பிக் கேட்கிறேன்: இந்த ஆறு மாதமாவது மதுவைத் தொடாதீர்கள். மதுவும் ஈரலைத் தாக்கும், இந்த மருந்துகளும் தாக்கும். இரண்டு அடியையும் அந்த ஈரல் எப்படித் தாங்கும்? ஆனால் விட முடியவில்லை என்றால் அதையும் மறைக்காதீர்கள். "இன்று குடித்துவிட்டேன், அதனால் மாத்திரை போடவில்லை" என்று இடையிடையே நாட்களை விட்டுவிட்டுச் சாப்பிடுபவர்கள் இரட்டைக் கேட்டைத் தேடிக்கொள்கிறார்கள். உங்களை யாரும் வைய மாட்டார்கள். சொன்னால் ஈரல் பரிசோதனையை அடிக்கடி செய்வார்கள். குடியிலிருந்து மீளவும் வழிகாட்டுவார்கள்.

அடுத்து நான் சொல்லப்போவது, இந்தச் சொற்பொழிவில் எல்லாவற்றையும்விட முக்கியமானது. தயவுசெய்து கவனமாகக் கேளுங்கள். ரிஃபாம்பிசின் தன் வேலையை மட்டும் பார்த்துவிட்டுப் போகும் மருந்தல்ல. நீங்கள் சாப்பிடும் மற்ற மருந்துகளிலும் கை வைக்கும். வயலில் வாழைக்குப் பாய்ச்சிய தண்ணீர் நிற்க வேண்டிய அளவு நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரோ கடைமடையைத் திறந்துவிட்டால் என்ன ஆகும்? நீங்கள் அதே அளவுதான் இறைக்கிறீர்கள், வயலோ காய்கிறது. ஈரலில் மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றும் நொதிகளை ரிஃபாம்பிசின் பெருக்கிவிடுகிறது. அதாவது மடையைத் திறந்துவிடுகிறது. நீங்கள் அதே மாத்திரையை அதே அளவில் விழுங்குவீர்கள். ஆனால் அது உடலில் தங்காது.

ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். அவளுக்குக் கழுத்தில் நெறிக்கட்டி, பரிசோதனையில் காசநோய். புகுந்த வீட்டுக்குத் தெரிந்தால் என்ன சொல்வார்களோ என்று மறைத்து மாத்திரை சாப்பிடுகிறாள். இன்னொரு பக்கம், குழந்தை தள்ளிப்போக வேண்டும் என்று கர்ப்பத்தடை மாத்திரையும் சாப்பிடுகிறாள். இரண்டும் ஒன்றையொன்று அறியாது. ரிஃபாம்பிசின் கர்ப்பத்தடை மாத்திரையின் பலனைக் குறைத்துவிடும். எதிர்பாராமல் கரு தரிக்கும். அவள் செய்ய வேண்டியிருந்தது என்ன? செவிலியரிடம் ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் காப்பர்-டி, ஆணுறை என்று மாற்று வழி காட்டியிருப்பார்கள். அந்த மாற்று வழியை ரிஃபாம்பிசின் முடிந்த பிறகும் நான்கு வாரம் தொடரச் சொல்லியிருப்பார்கள்.

இதய வால்வு மாற்றிக்கொண்ட ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் அல்லது அசெனோகூமரால் சாப்பிடுகிறார். ரிஃபாம்பிசின் சேர்ந்தால் அந்த மாத்திரையின் பலன் குறையும். வால்வில் ரத்தம் உறையலாம். மருத்துவர் அடிக்கடி ரத்தம் பார்த்து அளவைக் கூட்டுவார். ஆறு மாதம் முடிந்தது, நோய் போய்விட்டது, மகிழ்ச்சி! ஆனால் அதோடு கதை முடிந்ததா? இல்லை. திறந்த மடை மூடச் சுமார் இரண்டு வாரம் ஆகும். அது மூடிய பிறகும் கூட்டிய அளவிலேயே சாப்பிட்டால் இப்போது ரத்தக்கசிவு! தொடங்கும்போதும் சொல்ல வேண்டும், முடிக்கும்போதும் சொல்ல வேண்டும்.

சர்க்கரை நோயாளிகளை நினைத்துக்கொள்ளுங்கள். நம் மாநிலத்தில் காசநோயும் சர்க்கரையும் ஒரே உடலில் சேர்ந்திருப்பது மிகச் சாதாரணம். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளின் பலனை ரிஃபாம்பிசின் குறைக்கும், சர்க்கரை ஏறும், ஏறிய சர்க்கரை காசநோயை ஆறவிடாது. 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. காசநோய் மாத்திரையும் ஊர்ப் பணியாளர் கையால் வருகிறது. இரண்டு கைகளும் ஒரே வாசலுக்கு வருகின்றன. ஒருவர் கொடுப்பது மற்றவருக்குத் தெரிகிறதா? தெரியச் செய்யும் ஒரே ஆள் நீங்கள்தான். வலிப்புக்கு ஃபெனிடாயின் சாப்பிடுபவர்கள், தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள், ஸ்டீராய்டு சாப்பிடுபவர்கள், சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்கள், எல்லோருக்கும் இது பொருந்தும். எச்.ஐ.வி. மருந்தான டோலுடெக்ராவிர் சாப்பிடுபவர்களுக்கு, ரிஃபாம்பிசின் சாப்பிடும் காலத்தில் தினம் ஒரு வேளையை இரண்டு வேளையாக்க வேண்டியிருக்கும். வீட்டில் இருக்கும் அத்தனை மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். மருத்துவரின் மேசையில் கொட்டுங்கள். அதைவிட நல்ல பாதுகாப்பு வேறில்லை.

இனி, இடைவெளி பற்றி. இரண்டு மாதம் சாப்பிட்டதும் இருமல் நிற்கிறது, காய்ச்சல் போகிறது, பசி எடுக்கிறது. வேலைக்குப் போகலாம், வெளியூருக்குப் போகலாம். அப்போதுதான் மாத்திரை மறக்கிறது. தப்பிப் பிழைத்த கிருமிகள் அந்த நாட்களில்தான் தலைதூக்கும். இன்னோர் ஆபத்தும் இருக்கிறது: விட்டு விட்டுச் சாப்பிடும்போது, இந்த மருந்துக்கு எதிராக உடலே கிளர்ந்தெழலாம். மாத்திரை போட்ட சில மணி நேரத்தில் குளிர் காய்ச்சலும் உடல்வலியும் வரும். அரிதாக ரத்தத்தட்டுகள் குறைந்து தோலில் சிவப்புப் புள்ளிகள் தோன்றும். சிறுநீரகம் செயலிழக்கவும் கூடும். முன்பு நம் நாட்டுத் திட்டத்தில் வாரம் மூன்று நாள் என்று இருந்த முறை 2017-இல் தினசரி முறையாக மாற்றப்பட்டது. ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரட்டிப்பாக விழுங்காதீர்கள். பல நாள் விட்டுப்போயிருந்தால் நீங்களாகத் தொடங்காதீர்கள். மாத்திரை தருபவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்? ரிஃபாம்பிசினுக்கு அடங்காத காசநோய் உருவாகும். அது உங்களோடு நிற்காது. உங்கள் இருமலில் உங்கள் குழந்தைக்கும் போகும். அந்த நோய்க்கு முன்பு இரண்டாண்டு வைத்தியம், மாதக்கணக்கில் ஊசி, அந்த ஊசியால் காது கேளாமல் போனவர்களும் உண்டு. இன்று சிபிநாட், ட்ரூநாட் பரிசோதனைகள் ரிஃபாம்பிசின் வேலை செய்யுமா செய்யாதா என்பதைச் சில மணி நேரத்திலேயே சொல்லிவிடுகின்றன. அடங்காத நோய்க்கும் ஆறு மாத மாத்திரை வைத்தியம் வந்துவிட்டது. ஆனால் கையில் இருக்கும் நல்ல ஆயுதத்தை நாமே மழுங்கடித்துவிட்டுப் புதிய ஆயுதம் தேடுவது அறிவுடைமையா?

தொழுநோய்க்கும் இந்த மருந்துதான் முதுகெலும்பு. 1981-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்து முறையில், மாதம் ஒரு முறை பணியாளரின் கண்முன்னே ரிஃபாம்பிசின் விழுங்க வேண்டும். முதல் வேளையிலேயே பெரும்பாலான கிருமிகள் மடிந்துவிடுகின்றன. தொழுநோயாளியோடு வாழ்பவர்களுக்கு நோய் வராமல் தடுக்க, ஒரே ஒரு வேளை ரிஃபாம்பிசின் கொடுக்கும் வழக்கமும் வந்திருக்கிறது. அதைக் கொடுக்கும் முன் "இருமல் உண்டா, மாலையில் காய்ச்சல் உண்டா, எடை குறைகிறதா?" என்று கேட்பார்கள். தொழுநோய்க்கு வந்தவர்கள் ஏன் இருமலைக் கேட்கிறார்கள் என்று எண்ணி மறைத்துவிடாதீர்கள். உள்ளே காசநோய் ஒளிந்திருந்தால், தனியாகக் கொடுக்கும் அந்த ஒரு வேளை, அடங்காத கிருமியை வளர்க்கும் முதல் வேளையாகிவிடலாம்.

மருந்துக்கடைத் தோழர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். காசநோய் மருந்துகள் எச்1 அட்டவணையில் இருக்கின்றன. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. விற்றதைப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். இதை அரசின் தொல்லை என்று பார்க்காதீர்கள். பழைய சீட்டைக் காட்டி, இருமும் அண்ணனுக்கு நாலு மாத்திரை கேட்டு வருபவரைத் திருப்பி அனுப்பும்போது ஒரு குடும்பத்தைக் காப்பாற்றுகிறீர்கள். வெறும் கையோடு அனுப்பாதீர்கள். சளிப் பரிசோதனைக்கு அரசு மருத்துவமனைக்கு வழி சொல்லி அனுப்புங்கள். அங்கே பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

குடும்பத்தாரே, உங்களிடம்தான் என் கடைசி வார்த்தை. நோயாளி ஏன் மறைக்கிறார்? நீங்கள் தட்டைத் தனியாக வைத்துவிடுவீர்களோ என்ற பயத்தில் மறைக்கிறார். பெண் பார்க்க வந்தவர்கள் திரும்பிப் போவார்களோ என்ற பயத்தில் மறைக்கிறார். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் மறைக்கிறார். மறைத்ததால் மற்ற மருத்துவருக்குத் தெரியவில்லை. தெரியாததால் மருந்தும் மருந்தும் மோதுகின்றன. தட்டால் காசநோய் பரவாது, காற்றால் பரவும். அடங்கும் வகை நோயென்றால், முறையாக மருந்து சாப்பிடத் தொடங்கிய சில வாரங்களில் பரப்பும் ஆற்றல் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. மறைக்கத் தேவையில்லாத வீட்டை அவருக்குக் கொடுங்கள். அப்போது அவர் தானாகவே சொல்வார்.

இந்த மாநிலம் 2022 முதல் காசநோய் இறப்பில்லாத் திட்டம் நடத்துகிறது. இறப்பில்லாத நிலையை அரசு மட்டும் கொண்டுவர முடியாது. ஆகவே இந்த அரங்கை விட்டு எழும் முன் மூன்று உறுதி எடுத்துக்கொள்வோம். நோயாளி சொல்வார்: சாப்பிடும் மற்ற மருந்துகளை, உடலில் காணும் மாற்றத்தை, விட்டுப்போன நாளை. மருத்துவரும் செவிலியரும் மருந்தாளுநரும் கேட்பார்கள்: அவசரப்படாமல், அதட்டாமல், ஒவ்வொரு முறையும். குடும்பமும் ஊரும் ஒதுக்காது. இந்த மூன்றும் நடந்தால், மண்ணிலிருந்து பிறந்த இந்த மருந்து இன்னும் பல தலைமுறைகளுக்கு நம் மக்களைக் காக்கும். காக்கச் செய்வோம்!